மலை ஏறுகிறவருக்கு எதற்கு உடற்பயிற்சி?

(ஹாலிஎலயில் தோட்டக் குடும்பத்தினரும் உயர்தர மாணவரும் சுகாதாரத்துறையில் வேலை செய்வோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தின் தலைப்பை அறிவித்த நாளிலிருந்து என்னிடம் வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "காலையில மலைக்கு ஏறி அந்திக்கு எறங்குற சனத்துக்கு எக்ஸர்சைஸ் சொல்லிக் குடுக்க ஒரு ஆளு வேணுமா?" சிரித்துக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. கோபமாகக் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொழும்பில் ஏசி அறைக்குள் ஓடுகிற பட்டியில் நடப்பவர்களின் சமாச்சாரத்தை ஸ்பிரிங்வெளிக்கும் றொக்ஹிலுக்கும் ஏன் சுமந்து வருகிறீர்கள் என்பதுதான் அதன் பொருள். இன்றைக்கு நான் பேசப்போவது முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கல் எக்ஸர்சைஸ் பிசியோலொஜிஸ்ட் என்று ஒரு தொழில் இருக்கிறது. பயிற்சி உடலியலாளர் என்று சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். நோயாளியின் இதயமும் நுரையீரலும் தசையும் அசைவுக்கு எந்த அளவு ஈடுகொடுக்கின்றன என்று அளந்து பார்ப்பது, அவருடைய நோய்க்கும் மருந்துக்கும் பிழைப்புக்கும் பொருந்தும்படி உடற்பயிற்சியை அளவோடு எழுதிக் கொடுப்பது, ஆரம்ப நாட்களில் பக்கத்தில் நின்று செய்விப்பது ஆகியவை அவருடைய வேலை.

இது ஏதோ வெள்ளைக்காரன் ஊர் விஷயம், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தத் துறை நம் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முன்பே ட்ரெட்மில்லில் ஏற்றி நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறது.

1973, 74 பஞ்சம் இங்குள்ள பெரியவர்களுக்கு மறந்திருக்காது. அதையடுத்த வருடங்களில், பேராதனை மருத்துவப் பீடத்தில் இருந்த டொக்டர் பிரையன் செனவிரத்னவும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து எட்ஜர்டன், கார்ட்னர் முதலிய உடலியல் ஆய்வாளர்களும் சேர்ந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைச் சோதித்தார்கள். இரத்தத்தில் ஈமோகுளோபின் குறைந்தவர்கள், ஓரளவு உள்ளவர்கள், நிறைய உள்ளவர்கள் என எல்லாரையும் படிப்படியாகக் கூடும் சரிவில் நடக்கவிட்டார்கள். இரத்தம் குறைந்த பெண்களால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதே வேகம், அதே சரிவுதான். ஆனால் அவர்களுடைய இதயம் மற்றவர்களைவிட மிக வேகமாகத் துடித்தது. அந்த அறிக்கை 1977இல் வந்தது. 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இன்னொன்று வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களில் சிலருக்கு இரும்பு மாத்திரையும் சிலருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, அன்றாடம் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். இரும்பு கொடுத்து இரத்தம் ஏறியவர்களின் நிறுவை கூடியது. ஆறிலிருந்து ஒன்பது கிராம் வரை மட்டுமே ஈமோகுளோபின் இருந்தவர்களிடம்தான் கூடுதல் அதிகம். வேலை நேரத்துக்கு வெளியேயும் அவர்கள் முன்பைவிடச் சுறுசுறுப்பாக நடமாடியது பதிவாகியிருந்தது.

அருமையான ஆய்வு. ஆனாலும் எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு. தலைப்பிலேயே தொழிலாளியின் உற்பத்தித்திறன் என்று இருக்கிறது. இரத்தம் ஏறினால் கொழுந்து ஏறும் என்று காட்டினால்தான் அன்று தோட்டங்களைக் கையில் வைத்திருந்த அரசாங்கமோ வேறு யாருமோ காது கொடுப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். தப்பில்லை. ஆனால் அந்த அக்கா அந்திக்கு லயத்துக்கு வரும்போது பிள்ளையைத் தூக்கத் தெம்போடு வந்தாரா, அறுபது வயதில் அவருடைய இதயம் எப்படி இருந்தது என்பதை நிறுவைத் தராசு சொல்லாது. அதை அளக்க வேறு ஆள் வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உழைப்பே உடற்பயிற்சிதானே?

இதற்கு ஆம் என்று சொல்வதுபோல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களைப் பார்த்தார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்குமாக ஒரு நாளில் 500 முதல் 750 படி வரை ஏறுவார். சுமார் 31,000 பேரின் கணக்கைப் பார்த்ததில் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் அதில் இறப்போர் குறைவு. 1953இல் லான்செட் இதழில் வந்த இந்த ஆய்விலிருந்துதான் உடலசைவையும் இதயத்தையும் சேர்த்துப் பார்க்கும் விஞ்ஞானம் தொடங்கியது என்று சொல்வார்கள். பிறகு மொரிஸே இன்னொன்றைக் கண்டுபிடித்தார். கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவைப் புரட்டிப் பார்த்தால், டிரைவர்களின் இடுப்பு வேலைக்குச் சேரும்போதே பெரிதாக இருந்திருக்கிறது! தன் முடிவைத் தானே குறுக்கு விசாரணை செய்த மனிதர். அவர் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் காலமானார்.

மொரிஸின் கண்டக்டரும் நம் கொழுந்துக்காரியும் ஒன்றா என்பதுதான் விஷயம். 2021இல் டென்மார்க்கில் ஹோல்டர்மன் என்பவரும் கூட்டாளிகளும் 1,04,046 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் ஓடியாடுபவர்களுக்கு இதய நோயும் அகால மரணமும் குறைவு. தொழிலில் கடுமையாக உடல் வருந்துகிறவர்களுக்கோ அவை கூடுதல். அதே உடல், அதே அசைவு. பலன் எதிரும் புதிருமாக இருக்கிறது. உழைப்பாளி ஏழை, புகைக்கிறவர், சரியான சாப்பாடு இல்லாதவர், அதனால்தானே என்று கேட்கலாம். அவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முற்றாக மறையவில்லை. இதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் மலைநாட்டில் வாழும் எவருக்கும் அந்த முடிவு பெரிய அதிர்ச்சியாக இராது. மலை ஏறினால் ஆயுசு கூடுமென்றால் நம் லயங்களில் தொண்ணூறு வயதுக்காரர்கள் நிறைந்திருக்க வேண்டுமே!

ஏன் இப்படி? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பிள்ளைகள் கவனியுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஒட்சிசனை ஒரு மெட் என்பார்கள். கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலீற்றர் என்று வைத்திருக்கிறார்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையில் நின்று பறிக்க மூன்றரை மெட் செலவாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து வயதுத் தங்கச்சியின் உச்சத் திறன் பத்தரை மெட். அப்படியானால் வேலை அவருடைய திறனில் மூன்றில் ஒரு பங்கு. எட்டு மணி நேர வேலைக்கு உச்சத் திறனில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது தொழில் உடலியலில் பழைய அளவு. சரி, தங்கச்சி தப்பினார். இப்போது அவருடைய தாயாரைப் பாருங்கள். பயிற்சி இல்லாத உடலில் இந்தத் திறன் பத்து வருடத்துக்குச் சுமார் பத்து வீதம் இறங்கும். அதன்மேல் இரத்தக் குறைவு, சீனி, பிள்ளைப்பேறுகள். அவருடைய உச்சம் ஏழு மெட் என்றால் அதே மலை, அதே கூடை, அதே மூன்றரை இப்போது சரிபாதி. நாளெல்லாம் பாதித் திறனில் ஓடுகிற இதயம் இரவில்தான் இளைப்பாற வேண்டும். இரவிலோ சமையலும் தண்ணீர் பிடிப்பதும் இருக்கின்றன.

மலையின் உயரத்தைக் குறைக்க முடியாது. அம்மாவின் ஏழு மெட்டை ஒன்பதாக்கலாம். அப்போது வேலை பாதியிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குக்கு இறங்கிவிடும். அதற்குத்தான் பயிற்சி. அந்தப் பலனை உழைப்பே ஏன் தருவதில்லை? உடல் திறன் ஏற வேண்டுமானால் கொஞ்ச நேரம் வழக்கத்தைவிட உரத்து இயங்கி, பிறகு போதிய ஓய்வும் சாப்பாடும் எடுத்து, வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தோட்ட வேலையில் இந்த மூன்றும் இல்லை. மெதுவாக, நெடுநேரம், ஒரே மாதிரி, ஒரே தசைகள். கழுத்தும் முதுகும் இறுகிக்கொண்டே போகும். நெஞ்சுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது. அளவும் காலமும் பாராமல் கொட்டிய உரம் செடிக்குச் சேராது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரத்தமே குறைந்தவருக்கு முதல் சிகிச்சை பயிற்சி அல்ல, இரும்பு. விஷயம் தெரிந்த உடலியலாளர் ஏழு கிராம் ஈமோகுளோபினோடு வருகிறவரை நடக்கவிடமாட்டார். கடிதம் கொடுத்து டொக்டரிடம் திருப்பி அனுப்புவார். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. ரொட்டியோடு சாயத்தண்ணி குடிப்பது நம் வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் பாதிக்கு மேல் தடுத்துவிடும். இரும்பு மாத்திரையையும் அதே சாயத்தண்ணியோடு விழுங்குகிறோம். ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுப்பவர்களின் இரத்தத்தையே தேயிலை குறைக்கிறது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

பயிற்சி உடலியலாளர் நடைமுறையில் என்ன செய்வார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஐம்பத்திரண்டு வயது அக்கா ஒருவர். நான் பார்த்த பலரைச் சேர்த்து ஒருவராக்கிச் சொல்கிறேன். சீனியும் பிரஷரும் எட்டு வருடமாக இருக்கின்றன. கிளினிக் கொப்பியில் மெட்போமின், கிளிக்கிளசைட், அட்டனலோல். ஒவ்வொரு கிளினிக்கிலும் சீனி கூடியே இருக்கிறது. மாத்திரையும் கூடிக்கொண்டே போகிறது. "ஒழுங்கா மருந்து குடிக்கிறீங்களா?" என்று கேட்டால், "ஆமாங்க ஐயா" என்பார். வேறென்ன சொல்வார்?

உடலியலாளர் வேறு மாதிரி கேட்பார். எத்தனை மணிக்கு எழும்புறீங்க? மாத்திரை எப்போ? சாப்பாடு எப்போ? முதல் நிறுவை எப்போ? அப்போது கதை வெளியே வரும். ஐந்தரைக்கு எழும்பி மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்கிவிடுகிறார். பிள்ளைகளை அனுப்பி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மலையில் ஏறி, ஒன்பதரைத் தேத்தண்ணிக்குத்தான் முதல் ரொட்டி. கிளிக்கிளசைட் சீனியைக் கீழே இழுக்கும். மலை ஏற்றமும் கீழே இழுக்கும். வயிற்றில் ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, தலை கிறுகிறுத்து, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. அக்கா அதைப் பித்தம் என்று நினைக்கிறார். சீனி இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அவைதான் எச்சரிக்கை. அட்டனலோல் அந்த இரண்டையும் மூடி மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். வெயிலில் வியர்வையை யார் பொருட்படுத்துவார்கள்? இரண்டு மூன்று தடவை இப்படி ஆனபிறகு அக்கா ஒரு முடிவெடுத்தார். வேலை நாளில் மாத்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக்குக்கு முதல் நாளும் மட்டும். எனவே கிளினிக்கில் சீனி கூடுதலாகவே தெரிகிறது. டொக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். கூட்டியதைக் குடித்தால் மலையில் இன்னும் மோசம்.

இதில் எவர் மீதும் குற்றமில்லை. பதுளை பெரியாஸ்பத்திரியில் ஒரு டொக்டர் ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். பெரட்டு எத்தனை மணிக்கு என்று கேட்க அவருக்கு நேரமில்லை. உடலியலாளர் மருந்தை மாற்றமாட்டார். அதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. வேலை நாளின் நேர அட்டவணையை ஒரு தாளில் எழுதி டொக்டருக்கு அனுப்புவார். மாத்திரையின் நேரமோ அளவோ அங்கே மாறும்.

பிறகு சோதனை. பாதத்தைப் பார்ப்பார், உணர்ச்சி இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, எந்தச் செருப்பு என்று. கண் கிளினிக் சீட்டைக் கேட்பார். விழித்திரையில் புதிய இரத்தக் கசிவு இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குகிற எதுவும் கூடாது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பெரட்டுக்களத்தில் முப்பது மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வைத்து, ஆறு நிமிடம் போய் வரச் சொல்வார். எத்தனை மீட்டர் நடந்தார், நாடி எங்கே போனது, விரலில் மாட்டிய கருவி எவ்வளவு ஒட்சிசன் காட்டியது என்று குறிப்பார். அடுத்து ஒரு கதிரை. கையை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை தரம் எழுந்து உட்காருகிறார்? ஆண்டு முழுக்க மலையேறும் அக்காமார் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்து எனக்கே முதலில் நம்ப முடியவில்லை.

நாடியை வைத்து அளவு சொல்வது எளிது என்று எல்லாரும் நினைப்பார்கள். 220இலிருந்து வயதைக் கழி, அதில் இத்தனை வீதம் என்று ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும். அந்தக் கணக்கு நல்ல ஆளுக்கே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருக்கும். அட்டனலோல் குடிக்கிறவருக்குச் சுத்தமாக உதவாது. அந்த மருந்தின் வேலையே நாடியை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. அங்கே நம்ப வேண்டியது நோயாளியின் வாயைத்தான். சுவீடனில் குன்னர் போர்க் என்ற உளவியலாளர் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் அமைத்துத் தந்திருக்கிறார். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நோயாளியே எண்ணால் சொல்ல வேண்டும். இன்னும் எளிதான வழி, பேச முடிகிறதா, பாட்டுப் பாட முடிகிறதா என்று பார்ப்பது. பேச முடிந்து, பாட முடியாமல் மூச்சு வாங்கினால் அளவு சரி. நெஞ்சு பாரமாக இருக்கிறது, தாடை வலிக்கிறது என்று அவர் தன் பேச்சில் சொல்வது எதிரில் இருப்பவருக்கு உடனே புரியவும் வேண்டும். மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அக்காவுக்கு எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான். வாரத்தில் இரண்டு அந்தி, கதிரையிலிருந்து எழும்புவதும் சுவரைத் தள்ளுவதும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ரோட்டில் சமதரையான துண்டில், சாப்பிட்ட பிறகு, ஒரு நிமிடம் விரைவு, இரண்டு நிமிடம் மெது என மாறி மாறி இருபது நிமிடம். கொழுந்து கூடுதலாக வரும் வாரத்தில் அதுவும் வேண்டாம், படுத்து ஓய்வெடுங்கள் என்று எழுதியிருக்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்துக்குத் தனிக் குறிப்பு: பிரஷருக்குத் தண்ணி மாத்திரை குடிப்பவர்கள் மலையில் தண்ணீர் குடிக்காமல் இருக்கக்கூடாது. பெண்கள் ஏன் குடிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். மலையில் கக்கூஸ் இல்லை. அதற்கு எந்த உடலியலாளராலும் மருந்து எழுத முடியாது.

ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாரடைப்பு வந்து பிழைத்து வீட்டுக்கு வந்தவரை என்ன செய்கிறோம்? "பாரம் தூக்காதீங்க, ஏத்தம் ஏறாதீங்க" என்று சொல்லி இஸ்தோப்பில் உட்காரவைக்கிறோம். செக்ரோலில் பேர் விழாது. வருமானம் போய், மனமும் சோர்ந்து, ஆறு மாதத்தில் அவர் உண்மையிலேயே நோயாளி ஆகிவிடுகிறார். எழுபத்தைந்து வருடத்துக்கு முன் மேல்நாட்டிலும் இப்படித்தான். மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் கட்டிலை விட்டு அசையவிடமாட்டார்கள். 1952இல் லெவைன், லோன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைத் துணிந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதுவே அன்று பெரிய புரட்சி. கிளீவ்லாந்தில் ஹெல்லர்ஸ்டைன் என்பவர் மாரடைப்பு வந்த தொழிலாளர்களைச் சோதித்து, இன்னார் இன்ன வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்வதற்கென்றே ஒரு கிளினிக்கை நடத்தினார். இன்று மேற்பார்வையோடு செய்யும் இதயப் புனர்வாழ்வுப் பயிற்சியால் இதய நோய் மரணம் சுமார் கால்வாசி குறைகிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. நமக்கு வேண்டியது அந்தக் கிளீவ்லாந்துக் கேள்விதான். இவர் கவ்வாத்து வெட்டலாமா? ஐம்பது கிலோ உர மூட்டை தூக்கலாமா? எப்போதிருந்து? அளந்து பார்த்தால் சொல்லிவிடலாம். அளக்காமல் "எதுக்கும் கவனமா இருங்க" என்று சொல்வது ஒருவரின் சம்பளத்தை வெட்டுவது.

நீரிழிவு வருமுன் தடுப்பதிலும் இதே கதை. சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. நடையும் உணவு மாற்றமும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 வீதம் குறைத்தன; மெட்போமின் மாத்திரை 26.4 வீதம். மாத்திரைக்கு நடை குறைந்ததில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களிடம் வழக்கமானதைத் தொடருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். உழைப்பாளிக்கு என்ன பயிற்சி என்ற கேள்வி அங்கேயும் திறக்கப்படவில்லை. நம் இடத்து ஆய்வாளர் ஒருவருக்காக அது காத்திருக்கிறது.

இனி, யார் இந்த வேலையைச் செய்யலாம்? பேஸ்புக்கில் இரண்டு மாதக் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் வாங்கிய ஜிம் மாஸ்டரை நான் குறைத்துப் பேசவில்லை; நோயில்லாத இளைஞனுக்கு அவர் போதும். மாரடைப்பு வந்தவரை அவரிடம் விட முடியாது. இயன்மருத்துவர் வேறு: முறிந்த எலும்பு, வாதம் வந்த கை, பிடித்த முதுகு, சத்திர சிகிச்சைக்குப் பின் நெஞ்சுச் சளி ஆகியவை அவருடைய களம். இரண்டு தொழிலும் ஒன்றோடொன்று உரசும் இடங்கள் உண்டு. ஊருக்கு ஊர் சண்டையும் உண்டு.

அமெரிக்காவில் 1954இல் தொடங்கிய விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. அது வகுத்திருந்த அளவுப்படி, இளமாணிப் பட்டத்தோடு வந்தால் நோயாளிகளிடம் 1200 மணி நேரப் பயிற்சி, இத்துறையில் முதுமாணியோடு வந்தால் 600 மணி நேரம், அதன்பின் பரீட்சை. உயிர்காப்பு முதலுதவிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஈசிஜி வாசிக்கவும், சோதனையை எந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்கவும் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால், பாடத்திட்டத்தில் மிகக் கடினமான பகுதி அந்த நிறுத்துவதுதான். அவுஸ்திரேலியாவில் நான்கு வருடப் படிப்பும் களப்பயிற்சியும் முடித்துத் அந்தத் தொழிலுக்கான அமைப்பின் அங்கீகாரம் பெற வேண்டும். அங்கே 2006 முதல் குடும்ப டொக்டரின் கடிதத்தோடு போனால் நாள்பட்ட நோயாளிக்கு அரசாங்கக் காப்புறுதியே பணம் கொடுக்கிறது. இத்தகைய துணைச் சேவைகள் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஐந்து தடவை. சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருக்கும் நம் உறவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

இலங்கையில் இந்தப் பெயரில் தனிப் பதிவு கிடையாது. இலங்கை மருத்துவ சபை இயன்மருத்துவரைப் பதிவு செய்கிறது; பயிற்சி உடலியலாளருக்கு அங்கே நிரல் இல்லை. மருத்துவர்களுக்கு கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் விளையாட்டு மருத்துவப் படிப்பு உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டு வழி இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, பேராதனையிலோ கொழும்பிலோ இயன்மருத்துவப் பட்டம். அல்லது சப்ரகமுவவிலோ ஸ்ரீ ஜயவர்தனபுரவிலோ விளையாட்டு விஞ்ஞானப் பட்டம். சப்ரகமுவ ஒன்றும் தூரமில்லை. அப்புத்தளையைத் தாண்டி இறங்கினால் பெலிஹுல்ஓயா. அதன்பிறகு சிகிச்சைப் பயிற்சியில் முதுமாணிக்கு வெளிநாடு போக வேண்டியிருக்கும். பதுளை, பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்படுவதால் இசட் புள்ளியில் ஒரு சலுகை கிடைக்கும். சலுகையைப் பயன்படுத்த முதலில் தமிழில் உயிரியலும் இரசாயனவியலும் படிப்பிக்கும் ஆசிரியர் வேண்டும். இந்தப் பக்கத்து எத்தனை தோட்டப் பாடசாலைகளில் அவர் இருக்கிறார் என்பதை இங்கே உள்ள அதிபர்மார் சொல்லட்டும்.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இலிருந்து இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு அங்கே பட்டப்படிப்பு நடத்துகிறார்கள். நல்லது. இலையின் ஈரப்பதத்தை அளக்க ஆள் இருக்கிறது. இலை பறிக்கிறவரின் மூச்சை அளக்க ஓர் ஆய்வுகூடம் கேட்டால் அதை அதிகம் என்று சொல்ல முடியுமா?

அதுவரை என்ன செய்வது? 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள். ஆண்கள் அங்கே அதிகம் போவதில்லை. ஐயாமார் தயவுசெய்து போங்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோது மாத்திரையோடு இயன்மருத்துவரையும் வீட்டு வாசலுக்கு அனுப்பினார்கள். இங்கே தோட்ட டிஸ்பென்சரிக்கு ஓர் ஆக்சிமீட்டரும் ஒரு அளவு நாடாவும் ஒரு கதிரையும் போதும். தோட்ட வைத்திய உதவியாளருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் ஆறு நிமிட நடையை எடுக்கப் பழக்கிவிடலாம். பயிற்சியை எழுதுவது வேண்டாம். அளந்து கொப்பியில் குறித்தால் பாதி வேலை முடிந்தது. கொழும்பில் கடையிலும் பதுளையில் த்ரீவீலிலும் உட்கார்ந்து பிழைக்கிற உங்கள் பிள்ளைகளுக்கும் இது வேண்டும். அவர்கள் மலையை விட்டார்கள். வீட்டின் சீனியும் பிரஷரும் அவர்களை விடவில்லை.

இனி கேள்விகளுக்கு வருவோம். கிளினிக் கொப்பி கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். மாத்திரையைக் கூட்டுவது, நிறுத்துவது பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். அது உங்கள் டொக்டரின் பொறுப்பு. மாத்திரை எத்தனை மணிக்கு, முதல் ரொட்டி எத்தனை மணிக்கு, மலையில் தலை சுற்றுவது எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சொல்லுங்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தருகிறேன். அடுத்த கிளினிக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.